ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்து வீடு!

ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது.

சென்னை சென்ட்ரல்ல இறங்குறீங்க. பெரியார் ஈ.வெ.ரா. சாலையைத் தாண்டி, எதிரே பார்க் ஸ்டேஷன் பக்கத்து பிளாட்பாரத்துல நின்னு திரும்பிப் பார்க்கிறீங்க. வலது பக்கம் மணிக்கூண்டோட சென்ட்ரல். அதை ஒட்டி, புறநகர் ரயில்கள் கிளம்புற மூர் மார்க்கெட் வளாகம். இடது பக்கம் வெள்ளை வெளேர்னு ரிப்பன் மாளிகை. சரி, இதுக்கெல்லாம் நடுவுல சிவப்பா, ஒரு சதுரக் கோபுரத்துக்குக் கேரளாக் கூரையைத் தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு ஒரு கட்டடம் நிக்குதே... அது என்ன?

நான் கேட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஓர் அண்ணன், ‘பழைய கோர்ட்டு’ என்றார். மெடிக்கல் காலேஜ் பொண்ணு ஒருத்தி, ‘சர்ச்தானே?’ என்றாள். தினமும் அந்த வழியாகவே ட்ரெயின் பிடிக்கிற என் வகுப்புத் தோழன், ‘அங்கே அப்படி ஒரு பில்டிங் இருக்கா மச்சி?’ என்று என்னையே திருப்பிக் கேட்டான். பழைய பூ வியாபாரி ஒரு பாட்டி மட்டும்தான், ‘டவுன் ஹாலு’ என்று பட்டென்று சொன்னார்.

பாட்டிக்குத்தான் நூற்றுக்கு நூறு. விக்டோரியா பப்ளிக் ஹால். பழைய பெயர் டவுன் ஹால். தமிழ் நாடகத்தின் தலையெழுத்து மாறிய இடம். சென்னை முதன்முதலாகச் சினிமா பார்த்த இடம். ரிப்பன் மாளிகையைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தது. ஆனா பாருங்க, அட்ரஸ் சொல்லணும்னா ‘ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்துல’னுதான் சொல்ல வேண்டியிருக்கு!

கதைக்குப் போவோம்.

1880-களின் மெட்ராஸை மனசுல கொண்டு வாங்க. கவர்னர் விருந்து வைக்கப் பெரிய மாளிகை இருந்தது. இன்றைக்கு ராஜாஜி ஹால் என்கிறோமே, அதுதான். ஆனால் ஊர் ஜனங்கள் கூடிப் பேசவோ, ஒரு கச்சேரி, ஒரு நாடகம் பார்க்கவோ அவர்களுக்கென்று சொந்தமாகப் பெரிய அரங்கம் இல்லை. 1882 மார்ச்சில் நகரத்துப் பிரமுகர்கள் பச்சையப்பன் ஹாலில் கூடினார்கள். ‘நமக்குன்னு ஒரு டவுன் ஹால் வேணும்’ என்று பேசி, ஒரு கமிட்டி போட்டு, வசூலில் இறங்கிவிட்டார்கள். மகாராஜாக்கள், ஜமீன்தார்கள், வியாபாரிகள் என்று ஆளாளுக்குக் கொடுத்தார்கள். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு 1883 டிசம்பர் 17 அன்று அடிக்கல் நாட்டினார். (நம்ம ஹம்பி விஜயநகரம் இல்லை. இது ஆந்திராவில், விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விஜயநகரம்.)

இடம் கொடுத்தது நகராட்சி. பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவின் ஓரத்தில் 57 கிரவுண்டு, 99 வருஷக் குத்தகைக்கு. வாடகை எவ்வளவு தெரியுமா? கிரவுண்டுக்கு எட்டணா. கணக்குப் போடுங்க, வருஷத்துக்கே இருபத்தெட்டு ரூபாய் சொச்சம்! அந்த 57 கிரவுண்டை ஏக்கராக மாற்றிப் பார்த்தால் 3.14 வருகிறது. பை! இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு இது ஒரு அல்ப சந்தோஷம், மன்னிச்சுடுங்க.

பூங்கா என்றதும் இன்னொன்று. சென்னையின் பழைய மிருகக்காட்சி சாலை இதே பூங்காவில்தான் இருந்தது. எழும்பூர் மியூசியத்துக்கு ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகங்கள் உயிரோடு உலாவிய இந்த இடத்துக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னைவாசிகள் பெயர் வைத்திருந்தார்கள். நாம படிக்கிற காலேஜ் இதில் எந்த வகைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. 1985-ல் மிருகங்கள் வண்டலூருக்குக் குடிபோய்விட்டன. அதே வருஷம்தான் பக்கத்து மூர் மார்க்கெட்டும் தீயில் போனது. இந்தச் சிவப்புக் கட்டடத்தின் அக்கம்பக்கம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்க, இது மட்டும் அப்படியே நின்றது.

விக்டோரியா பெயர் எப்படி வந்தது? 1887-ல் மகாராணி பட்டத்துக்கு வந்து 50 வருஷம். அதைக் கொண்டாட, 1888-ல் ஊர்க் கூட்டம் போட்டு ஹாலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். காசு கொடுத்தது நம்ம ஆளுங்க, பெயர் போனது லண்டனுக்கு! பூக்காரப் பாட்டி ‘டவுன் ஹாலு’ என்று சொன்னபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

டிசைன் பண்ணியவர் ராபர்ட் சிஷோம். இந்த ஒரு பெயரை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. மெரினாவுக்கு எதிரே பிரசிடென்ஸி காலேஜ், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், பாரிமுனைப் பக்கம் ஜி.பி.ஓ. எல்லாம் இந்த மனிதர் போட்ட கோடுகள்தான். திருவனந்தபுரத்தின் நேப்பியர் மியூசியமும் இவருடையதே. அங்கே கேரளத்துக் கோயில், அரண்மனைக் கூரைகளைப் பார்த்துச் சொக்கிப்போனவர் மெட்ராஸுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதுதான் அந்தத் தொப்பி. உடம்பு இத்தாலிக் கோபுரம், தலை திருவாங்கூர்! சரிந்த கூரை கேரள மழைக்காகப் பிறந்தது. நம்ம ஊரில் வருஷத்தில் பாதி நாள் அதுக்கு வேலையே இல்லை. ஆனாலும் வெயிலில் அந்தச் சரிவு ஒரு பக்கம் மட்டும் நிழல் கட்டி நிற்கிறதைப் பார்த்தால், ‘பரவாயில்லை, இருந்துட்டுப் போகட்டும்’ என்றுதான் தோன்றுகிறது.

கோபுரத்தின் மேல் பகுதியில், கூரைக்குக் கீழே சுடுமண்ணில் ஒரு பட்டை ஓடும். முகலாயக் கட்டடங்களில் எழுத்தையே கோலமாக வளைத்து எழுதியிருப்பார்களே, அந்தச் சாயல். ஆக ஒரே கோபுரத்தில் இத்தாலி, கேரளா, முகலாயம். கேட்கிறதுக்கு மிக்ஸட் ஃப்ரைட் ரைஸ் மாதிரி இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தவில்லை. காரணம், எல்லாவற்றையும் கட்டிப்போடுகிற அந்தச் செங்கல் சிவப்பு.

கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். ஹைகோர்ட்டும் கன்னிமாரா நூலகமும் இவர் கை வண்ணம்தான். கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்ததும் சேத்துப்பட்டில் இவருடைய வீட்டில்தான். சிஷோம் பேப்பரில் வளைத்த வளைவை எல்லாம் செங்கல்லில் வளைத்துக் காட்டியது இவரும் இவருடைய மேஸ்திரிகளும். மேஸ்திரிகள் பெயரைக் கல்வெட்டில் போடும் வழக்கம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இப்ப உள்ளே போகலாம். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு நீள்சதுர ஹால்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். மேலே மரத்தாலான கேலரியில் இன்னும் சுமார் 200 பேர். இரண்டு பக்கமும் நீளமாக, வளைவு வளைவாக வராந்தா. அதைத் தாங்குவது தலையில் இலைக்கொத்து செதுக்கிய கொரிந்தியன் தூண்கள்.

வராந்தாவைச் சும்மா ஸ்டைலுக்குப் போட்டதாக நினைக்காதீங்க. கரன்ட் இல்லாத காலம். ஃபேன் இல்லை, ஏ.சி. இல்லை. அறுநூறு பேர் உடம்புச் சூடு, போதாததற்கு விளக்குகளின் சூடு. வராந்தா வெயிலைச் சுவரில் படவிடாமல் தடுக்கும். கதவுகளைத் திறந்துவிட்டால் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் போகும். சூடான காற்று உயரமான கூரைக்கு ஏறிவிடும். இன்னொரு நன்மையும் இருக்கு. ரோட்டுச் சத்தம் நேராக ஹாலுக்குள் வராமல் வராந்தாவில் மோதி பாதி வலு இழந்துவிடும். பக்கத்திலேயே ரயில் நிலையத்தை வைத்துக்கொண்டு நாடகக் கொட்டகை கட்டுகிறவருக்கு இது ரொம்ப முக்கியம். 

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மைக் இல்லாமல் அறுநூறு பேருக்குக் கேட்க வேண்டும். எப்படி? நாம் பேசுகிற சத்தம் சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். அப்படித் திரும்புவது சட்டென்று அடங்கிவிட்டால் குரல் செத்துப்போன மாதிரி இருக்கும். ரொம்ப நேரம் அடங்காவிட்டால் ஒரு வார்த்தை மேல் இன்னொரு வார்த்தை ஏறிக் குழம்பும். வசனத்துக்கு ஏறக்குறைய ஒரு நொடியில் அடங்கினால் நல்லது. பெரிய இசைக்குழுவுக்கு இரண்டு நொடி வரை போகலாம். அறையின் கன அளவையும், அதிலுள்ள பொருட்கள் சத்தத்தை உறிஞ்சும் அளவையும் வைத்து இதற்கு ஃபார்முலா போட்டவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். அது 1890-களின் கடைசியில். அந்த ஃபார்முலாவை வைத்து பாஸ்டனில் சிம்பொனி ஹால் திறந்தது 1900-ல்.

தேதியைக் கவனிச்சீங்களா? நம்ம டவுன் ஹால் அதற்கு முன்பே கட்டி முடித்து நாடகம் போட ஆரம்பித்தாயிற்று. ஃபார்முலா கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. நீளமான ஷூ டப்பா மாதிரி ஹால் இருந்தால் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல் கடைசி வரிசைக்குத் துணைக்குப் போகும் என்பது அனுபவம். மரம் கொஞ்சம் சத்தத்தைக் குடிக்கும் என்பதும் அனுபவம். உட்கார்ந்திருக்கிற ஜனங்களே எல்லாவற்றையும்விட அதிகமாக உறிஞ்சிக்கொள்வார்கள். ஆக, காலி ஹாலில் ரிகர்சல் பார்த்துவிட்டு, ‘என்னடா எதிரொலிக்குது’ன்னு கவலைப்பட வேண்டாம். டிக்கெட் வித்தா சரியாயிடும்!

இப்போது ஒரு காலேஜ் பையனின் கதை. 1891. வயசு 18. பிரசிடென்ஸி காலேஜில் பி.ஏ. படிக்கிறான். அந்தக் காலத்தில் தமிழ் நாடகம் என்றால் படித்த குடும்பத்துப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நடிப்பவனைக் ‘கூத்தாடி’ என்று சொல்வதே திட்டுகிற மாதிரிதான். இந்தப் பையனும் அப்படி ஒதுங்கியிருந்தவன்தான். அந்த வருஷம் பெல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் தன் சரஸ வினோதினி சபாவோடு வந்து, விக்டோரியா ஹாலில் தெலுங்கு நாடகம் போட்டார். கிருஷ்ணமாச்சாரியார் தொழிலால் வக்கீல். அவரோடு நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். பையன் வாயைப் பிளந்து பார்த்தான். ‘வக்கீலே மேடையேறி நடிக்கலாம்னா நாம ஏன் தமிழ்ல செய்யக் கூடாது?’ என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

ஜூலை 1, 1891. சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘சுகுண விலாச சபை’யை ஆரம்பித்துவிட்டான். இனிமேல் ‘ன்’ போட முடியாது. அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்!

இன்னொரு வேடிக்கை. அவர் படித்த பிரசிடென்ஸி காலேஜும் சிஷோம் கட்டடம், நாடகம் பார்த்த ஹாலும் சிஷோம் கட்டடம். காலையில் ஒரு சிஷோம், மாலையில் ஒரு சிஷோம்.

சபை ஆரம்பித்த அந்த நண்பர் கூட்டத்தை யோசித்துப் பாருங்க. நம்ம காலேஜ் டிராமா கிளப் மாதிரிதான். கையில் காசு கிடையாது, அனுபவம் கிடையாது. முதல் நாடகம் ‘புஷ்பவல்லி’ மேடையேற 1893 ஆகிவிட்டது. அப்புறம் ‘லீலாவதி சுலோசனா’, ‘மனோகரா’ என்று வரிசையாக எழுதித் தள்ளினார். விடிய விடியப் பாட்டாகவே ஓடிய மேடையில் பேச்சு நடையில் வசனம் வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நம்ம ஊருக்கு வந்து ‘அமலாதித்யன்’ ஆனார், ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ ‘வாணீபுர வணிகன்’ ஆனது. பம்மலே பின்னாளில் வக்கீலாகி, நீதிபதியும் ஆனார். காலையில் நீதிமன்றம், ராத்திரி ஒப்பனை! தொண்ணூறுக்கும் மேல் நாடகங்கள் எழுதினார். 1959-ல் பத்மபூஷண் வந்தது. மேடை அனுபவங்களை ‘நாடக மேடை நினைவுகள்’ என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். லைப்ரரியில் கிடைத்தால் விடாதீங்க. சொந்த சபையின் சொதப்பல்களைக்கூட மறைக்காமல் எழுதுகிற ஆள்.

சபையில் சேர்ந்து மேடையேறியவர்களில் ஒருவர் சத்தியமூர்த்தி. ஆமாங்க, சத்தியமூர்த்தி பவன் இருக்கே, அந்தத் தீரர் சத்தியமூர்த்தியேதான். ‘மனோகரா’வில் அவர் நடித்திருக்கிறார். அதே ‘மனோகரா’தான் 1954-ல் கருணாநிதி வசனத்தில் சிவாஜி நடித்த சினிமாவாகவும் வந்தது. பெண் வேஷம் போட ஆண்கள்தான். சி.ரங்கவடிவேலு என்பவர் நாயகியாக வந்தால் அதற்கென்றே ஒரு ரசிகர் கூட்டம். சபை 1936-ல் மவுன்ட் ரோடுக்குச் சொந்த இடம் தேடிப் போகிற வரைக்கும் அதன் ஆட்டபாட்டம் பெரும்பாலும் இந்த ஹாலைச் சுற்றித்தான்.

நாடகத்துக்கு வாழ்வு கொடுத்த ஹாலே நாடகத்தின் எதிரியையும் வரவேற்றது. 1896 டிசம்பரில் டி.ஸ்டீவன்சன் என்பவர் இங்கே சில துண்டுப் படங்களை ஓட்டிக் காட்டினார். மெட்ராஸ் ஜனங்கள் சினிமா பார்த்தது அதுதான் முதல் தடவை. பம்பாயில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் ஓடி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. கோடம்பாக்கம், வடபழனி என்று நாம் பெருமை பேசுவதற்கெல்லாம் பிள்ளையார் சுழி இங்கே விழுந்திருக்கிறது. ஒரு போர்டாவது வைக்கலாம்.

1897 பிப்ரவரி. சிகாகோவில் பேசிவிட்டு வந்த விவேகானந்தருக்கு இங்கே வரவேற்பு. ஹால் நிரம்பி, வராந்தா நிரம்பி, வெளியே நின்ற கூட்டம் ‘நாங்களும் கேட்கணும்’ என்று குரல் கொடுக்க, அவர் ஹாலைவிட்டு வெளியே வந்து ஒரு குதிரை வண்டி மேல் ஏறிப் பேச ஆரம்பித்துவிட்டார். சிஷோமின் ஷூ டப்பா அன்றைக்கு வேலைக்கு ஆகவில்லை! இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 9 அன்று, அதே ஹாலுக்குள் ஒழுங்காகப் பேசினார். காந்தி உட்பட எத்தனையோ தலைவர்கள் பேசிய மேடை இது. பட்டியல் போட்டால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

அப்புறம் ஏன் இது யாருக்கும் தெரியாமல் போச்சு?

சினிமா தியேட்டர்கள் வந்தன. சபாக்கள் மயிலாப்பூர், தி.நகர் என்று தெற்கே நகர்ந்தன. எட்டணாக் குத்தகையின் 99 வருஷம் 1980-களில் முடிந்தது. ‘இது யாருடையது’ என்று நிர்வாகித்த அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இழுபறி. வளாகத்துக்குள் கடைகளும் ஓட்டலும் முளைத்து முகப்பையே மறைத்தன. நம்ம அப்பா அம்மா தலைமுறைக்கு இது ‘ஓட்டலுக்குப் பின்னால இருக்கிற பாழடைஞ்ச பில்டிங்’. 2009 வாக்கில் மாநகராட்சி பழுதுபார்க்க இறங்கியது. பக்கத்திலேயே மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைக் குடைய ஆரம்பித்ததில் அந்த வேலையும் இழுத்துக்கொண்டே போனது.

‘சிங்காரச் சென்னை 2.0’ திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாய் ஒதுக்கி, 2023-ல் பெரிய அளவில் சீரமைப்பு தொடங்கியது. 2024-ல் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். காம்பவுண்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் சிவில் படிக்கிற எனக்கு அதுவே அரை செமஸ்டர் பாடம். பழைய செங்கல் கட்டடத்தில் விரிசல் விழுந்தால் நம்ம கை தானாக சிமென்ட் மூட்டையைத் தேடும். அதுதான் தப்பு. செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ளே இழுத்து, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. அது உள்ளேயே ஊறி, உப்புப் பூத்து, செங்கல்லை அரித்துவிடும். அதனால்தான் மறுபடியும் சுண்ணாம்பு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பக்குவம் பார்க்கிற அந்தப் பழைய வேலை தெரிந்த கைகள் இப்போது ரொம்பக் குறைச்சல். எங்க சிலபஸில் சுண்ணாம்புக்கு ஒரு பக்கம். சிமென்ட்டுக்கு ஒரு யூனிட்!

சீரமைப்புத் திட்டத்தின்படி கீழ்த்தளம் அருங்காட்சியகத்துக்கு, மேல்தளம் கலை நிகழ்ச்சிகளுக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த மேல்தளத்தை யாருக்குக் கொடுப்பார்கள்? என்ன வாடகைக்கு? சென்னையில் நாடகம் போடுகிற காலேஜ் பசங்களைக் கேட்டுப் பாருங்க. நடிக்க ஆள் இருக்கு, கதை இருக்கு. மேடைதான் இல்லை. பெரிய ஆடிட்டோரியங்களின் ஒரு நாள் வாடகையைக் கேட்டாலே ஸ்கிரிப்ட் கையிலிருந்து விழுந்துவிடும். இந்த ஹால் வக்கீல், உத்தியோகஸ்தர்களின் நாடகத்துக்கு இடம் கொடுத்ததால்தான் 18 வயசுப் பையன் ஒருத்தன் அதை வந்து பார்த்தான். அவன் கூட்டம் சேர்த்தபோது அவனுக்கும் அதே மேடை கிடைத்தது. மகாராஜாக்கள் காசு கொடுத்தபோது பம்மல் பத்து வயசுப் பையன். யாருக்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டியிருக்கிறார்கள். கார்ப்பரேட் மீட்டிங்குக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் நல்ல வாடகை வரும், மறுக்கவில்லை. ஆனால் மாசத்தில் நாலு நாளாவது மாணவர் நாடகத்துக்கு, அந்த எட்டணா மனசோடு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

சரி, நேரில் பார்க்கப் போறீங்களா? சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் போங்க. மேற்கு வெயில் சாய்ந்து விழும்போது செங்கல் நிறம் தூக்கும். முதலில் எதிர்ப்பக்க பிளாட்பாரத்திலிருந்து முழுசாகப் பார்த்துவிடுங்க. கிட்டே போனால் கோபுரத் தொப்பி கண்ணில் மாட்டாது. அப்புறம் சுரங்கப்பாதை வழியாக இந்தப் பக்கம் வந்து, சுடுமண் பட்டையையும் வராந்தா வளைவுகளையும் பொறுமையாகப் பாருங்க. அப்படியே ரிப்பன் மாளிகைப் பக்கம் திரும்பினால், 1913-ல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம் எவ்வளவு விறைப்பாக, ஆபீஸர் மாதிரி நிற்கிறது என்பது தெரியும். இது அப்படியில்லை. பவுடர் பூசி, தொப்பி வைத்து, ‘எப்ப என் சீன்?’ என்று சைடில் காத்திருக்கிற நடிகன் மாதிரி இருக்கும்.

எங்க டிராமா கிளப்பில் பன்னிரண்டு பேர். ரிகர்சல் இப்போதைக்கு டூ வீலர் ஸ்டாண்டில்தான், செக்யூரிட்டி அண்ணன் விசில் ஊதுகிற வரை. அரங்கம் கேட்டு மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நாடகத்தின் பெயர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். ‘மனோகரா’வா, சொந்தக் கதையா என்று இன்னும் சண்டை முடியவில்லை.